கெக்கோ தொட்டிக்கு எவ்வளவு சூடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டு லெப்பர்ட் கெக்கோக்களும் ஒரு கிரெஸ்டட் கெக்கோவும் இருக்கின்றன. எல்லாம் வளர்ப்புப் பல்லிகள். மூத்தவள் பெயர் புள்ளி, வயது பதினான்கு. பிள்ளைகள் அடம்பிடித்துப் பல்லி வாங்கி வந்ததும் "இதற்கு எவ்வளவு சூடு வைக்கணும்?" என்று என்னைக் கூப்பிடும் நண்பர்கள் நிறைய. ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பகுதி லெப்பர்ட் கெக்கோவைப் பற்றியது. முதல்முறை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறார்கள். எல்லா அளவுகளும் செல்சியஸில்.

நம் ஊர்ச் சுவரில் ஓடும் பல்லிக்கு யாரும் ஹீட்டர் வைப்பதில்லையே, இதற்கு மட்டும் எதற்கு?

என் மாமியார் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. ஊர்ப் பல்லியைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். பகலில் படச் சட்டத்துக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். பொழுது சாய்ந்ததும், மதிய வெயில் குடித்த மேற்குச் சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும். சூடு அதிகமானால் கதவிடுக்கிலோ குளியலறை ஓரத்திலோ நுழைந்துகொள்ளும். இடம் மாறி மாறித் தன் உடம்புக்குத் தேவையான சூட்டை அதுவே பார்த்துக்கொள்கிறது. நாம் கெக்கோவை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்போது அந்த வசதியைப் பறித்துவிடுகிறோம். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஹீட்டர்.

பல்லியின் உடம்பு நம் உடம்பைப் போலச் சூட்டைத் தானே உண்டாக்கி வைத்துக்கொள்ளாது. வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சூடு போதாவிட்டால் தின்ற வெட்டுக்கிளி செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிக் கெட்டுப்போகும், பிறகு வாந்தியாக வெளியே வரும். நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். 1975இல் அமெரிக்காவில் பாலைவன இகுவானா ஓணான்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கிருமி ஏற்றிய ஓணான்களை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தபோது, சூடான இடத்தில் இருந்தவை கூடுதலாகப் பிழைத்தன, குளிரில் இருந்தவை அதிகம் செத்தன. நமக்குக் காய்ச்சல் உடம்புக்குள்ளிருந்து வருகிறது. பல்லியோ காய்ச்சலுக்காகச் சூடான கல்லைத் தேடிப் போக வேண்டும். அந்தக் கல் தொட்டிக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, லெப்பர்ட் கெக்கோவுக்கு எவ்வளவு? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண்ணாகச் சொன்னால் அது தவறாகிவிடும். "சராசரி பார்த்துத் தொட்டி முழுக்க 28 வைத்திருக்கிறேன்" என்று ஒரு நண்பர் பெருமையாகக் காட்டினார். அந்தப் பல்லிக்குச் சூடேறவும் இடமில்லை, ஆறவும் இடமில்லை. தொட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், நடுவில் படிப்படியாக இறங்க வேண்டும்.

சூடான பக்கத்து ஒளிவிடத்தின் (பல்லி ஒளிந்துகொள்ளும் குகையின்) தரை 31 முதல் 33 டிகிரி. மேலிருந்து பல்பு போடுகிறீர்கள் என்றால், பல்புக்கு நேர்கீழே இருக்கும் கல்லின் மேற்பரப்பு 34 முதல் 36 வரை போகலாம். குளிர்ந்த பக்கத்தில் காற்று 22 முதல் 25 வரை.

ஒளிவிடம் இரண்டு பக்கமும் கட்டாயம் வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒளிந்துகொள்ளும் குகை சூடான பக்கம் மட்டும் இருந்தால், உடம்பு கொதித்தாலும் பயத்தில் அங்கேயே கிடக்கும். குளிர்ந்த பக்கம் மட்டும் இருந்தால் சூட்டைத் தேடி வெளியே வராது. இரையாகிப் பழகிய உயிருக்குப் பாதுகாப்புதான் முதல் தேவை, சூடு அதற்கு அடுத்தது. நடுவில் ஈரப் பாசி போட்ட மூன்றாவது ஒளிவிடம் ஒன்று வைத்தால் தோல் உரிக்க உதவும்.

பாலைவனப் பல்லிதானே? இன்னும் சூடாக வைத்தால் என்ன?

அது மணற்பாலைவனத்துப் பிராணி இல்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம் என்று வறண்ட, கல்லும் புதரும் நிறைந்த மலைச்சரிவுகளில் வாழ்வது. பகல் வெயில் உச்சத்தில் இருக்கும்போது அது பாறை இடுக்கிலோ வளைக்குள்ளோ இருக்கும். அந்தி சாயும்போதும் விடிவதற்கு முன்பும்தான் வெளியே வரும். அந்த ஊர்களில் குளிர்காலம் கடுமையாக இருக்கும், அப்போது வளைக்குள் முடங்கிக்கொள்ளும். கோடையில் வானிலை அறிக்கை 45 என்று காட்டுவதை வைத்துத் தொட்டியையும் 45க்குக் கொண்டுபோனால், காட்டில் அந்தப் பல்லி எதற்காக வளைக்குள் ஒளிகிறதோ அதையே அதன் மேல் ஏற்றிவிடுகிறோம்.

சின்னத் தொட்டி போதாதா? பல்லியும் சின்னதுதானே.

சின்னத் தொட்டியில் இரண்டு வெப்பநிலை நிற்காது. 40 செ.மீ. நீளத் தொட்டியில் ஒரு முனையைச் சூடாக்கினால் அரை மணியில் மறுமுனையும் சூடாகிவிடும். 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் என்பது வளர்ந்த ஒரு லெப்பர்ட் கெக்கோவுக்கு வசதியான அளவு. அந்த நீளம் கிடைத்தால்தான் குளிர்ந்த பக்கம் உண்மையிலேயே குளிர்ந்திருக்கும்.

ஹீட் மேட்டா, பல்பா?

நான் தொடங்கிய காலத்தில் எல்லோரும் ஹீட் மேட்தான் (தொட்டிக்கு அடியில் வைக்கும், மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) சொன்னார்கள். லெப்பர்ட் கெக்கோ வயிற்றின் வழியாகச் சூடு வாங்கும், அதனால் அடியிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய நம்பிக்கை. வயிற்றை ஒட்டிச் சூடு வாங்குவது உண்மைதான். ஆனால் அந்தக் கல்லைச் சூடாக்கியது மேலே இருக்கும் சூரியன். இப்போது அனுபவமுள்ள பலரும் பகலில் மேலிருந்து ஹாலஜன் பல்பையே விரும்புகிறார்கள். பல்பு தட்டையான ஒரு கல்லைச் சூடாக்கும், கல் அந்தச் சூட்டை வைத்திருக்கும், பல்பு அணைந்த பிறகு பல்லி வந்து அதன்மேல் படுக்கும். புள்ளியின் தொட்டியில் இந்த மாற்றத்தைச் செய்த பிறகு மாலையில் அவள் வெளியே வரும் நேரம் கூடியது. எனக்கும் இதுதான் சிறந்த வழி என்று தோன்றுகிறது.

ஹீட் மேட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஒரு முனையில் மட்டும் இருக்கட்டும். அதன் மேல் மண்ணைக் குவிக்க வேண்டாம். எட்டு, பத்து செ.மீ. மண் போட்டால் சூடு மேலே வராது. அடியில் தேங்கிக் கண்ணாடியில் விரிசல் விழலாம், தோண்டிப் போகும் பல்லிக்குச் சூடும் படலாம். தொட்டிக்கு அடியில் மேட் ஒட்டினால், சின்னக் கால்கள் வைத்துத் தொட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காற்று போக வழி விடுங்கள். மண் ஆழமாகப் போட ஆசைப்பட்டால் மேட்டை விட்டுவிட்டு மேலிருந்து சூடு கொடுங்கள்.

பல்பு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். பல்பு தொட்டிக்கு உள்ளே இருந்தால் கம்பிவலைக் கூண்டு கட்டாயம். எத்தனை வாட் என்பது தொட்டியின் உயரத்தையும் உங்கள் அறையின் குளிரையும் பொறுத்தது. 45 செ.மீ. உயரத் தொட்டிக்கு 50 வாட்டில் தொடங்கி, கல்லின் மேல் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

சூட்டை அளந்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சமாளிக்க முடியாதா? ஹீட்டரைவிட அதுதான் விலை அதிகம்.

முடியாது. பணம் குறைவாக இருந்தால் அலங்காரச் செடியையும் விலையுயர்ந்த குகையையும் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள், காலணிப் பெட்டியில் ஓட்டை போட்டால் அதுவே ஒளிவிடம். தெர்மோஸ்டாட்டை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் 40 டிகிரியைத் தாண்டிப் போகும். பல்லி அதன் மேல் படுத்துக்கொண்டே வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். சூடு படும்போது நாம் கையை இழுத்துக்கொள்வதுபோல அது உடனே எழுந்து போய்விடும் என்று நம்பாதீர்கள். அடியிலிருந்து மெதுவாக ஏறும் சூட்டில் காயம் படும்வரை கிடந்த பல்லிகளைப் பார்த்திருக்கிறேன்.

வகைகள் உண்டு. ஹாலஜன் போன்ற பல்புகளுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை வேண்டும். அணைத்து அணைத்துப் போடும் சாதாரண வகையைப் பல்புக்குக் கொடுத்தால் அது கண்சிமிட்டிக்கொண்டே இருந்து சீக்கிரம் போய்விடும். ஹீட் மேட்டுக்கும் வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டருக்கும், மின்சாரத்தைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக விடும் பல்ஸ் வகை பொருந்தும். மேட்டுக்குச் சாதாரண வகையும் போதும்.

கருவியைவிட முக்கியம் அதன் சென்சார் எங்கே இருக்கிறது என்பது. சென்சார் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் சூட்டைத்தான் தெர்மோஸ்டாட் பார்க்கும். சூடான ஒளிவிடத்தின் தரையில், பல்லி படுக்கும் இடத்தில், நகராதபடி அதைப் பொருத்துங்கள். புள்ளிக்கு நான்கு வயது இருக்கும்போது அவள் ஒரு நாள் ஒயரைத் தோண்டி இழுத்துவிட்டாள். சென்சார் குளிர்ந்த பக்கம் போய்க் கிடந்தது. "இன்னும் சூடாகவில்லை" என்று தெர்மோஸ்டாட் மேட்டை விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தது. நான் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது தரை 43 டிகிரி. நல்ல வேளையாக மறுமுனையில் அவளுக்கு ஒளிவிடம் இருந்தது, அங்கே போய்ப் படுத்திருந்தாள். வயிற்றில் ஓர் இடம் மட்டும் சிவந்திருந்தது. மருத்துவரிடம் காட்டி மருந்து போட்டு ஆறியது. அன்றிலிருந்து ஒயரைக் கண்ணாடியோடு சேர்த்துப் பொருத்தி வைத்திருக்கிறேன். ஒட்டும் டேப்பைத் தொட்டிக்குள் பயன்படுத்தாதீர்கள், அது பல்லியின் தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்க முடியாது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிளிப் நல்லது.

கடையில் கொடுத்த வட்ட வெப்பமானியில் 30 காட்டுகிறது. போதாதா?

அது கண்ணாடிச் சுவரில் பாதி உயரத்தில் ஒட்டியிருக்கும். அந்தச் சுவருக்குப் பக்கத்துச் சூட்டைத்தான் காட்டும். பல்லி வாழ்வது தரையில். மேலே 30 காட்டும்போது தரை 24ஆகவும் இருக்கலாம், 40ஆகவும் இருக்கலாம்.

எனக்குத் தேவைப்படுவது இரண்டு வகைக் கருவிகள். ஒன்று, ஒயர் நுனியில் சென்சார் வைத்த டிஜிட்டல் வெப்பமானி. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. மற்றது, துப்பாக்கி மாதிரி பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. கல்லின் மேல், குகைத் தரையில், மண்ணின் மேல் என்று எங்கே குறிவைத்தாலும் அந்தப் பரப்பின் சூட்டை ஒரு நொடியில் சொல்லிவிடும். வெளியே நின்று கண்ணாடி வழியாக மட்டும் அளக்காதீர்கள். அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைக் கடக்காது, நீங்கள் அளப்பது கண்ணாடியின் சூடாகிவிடும். மூடியைத் திறந்துதான் அளக்க வேண்டும்.

புதுத் தொட்டி என்றால் பல்லியை விடுவதற்கு முன் ஒரு வாரமாவது காலியாக ஓட்டிப் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் எண்களைக் குறித்து வைத்தால் உங்கள் வீடு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும். மேற்குப் பார்த்த அறையில் மாலை நாலு மணிக்கு ஏறும் சூட்டை முதல் நாள் காலையில் கண்டுபிடிக்க முடியாது.

இரவிலும் சூடு வேண்டுமா?

ஆரோக்கியமான லெப்பர்ட் கெக்கோவுக்கு இரவில் 20 வரை இறங்கலாம், 18க்குக் கீழே போக விடாதீர்கள். இரவில் சூடு குறைவது அதன் இயல்பு. வீடு 20க்கு மேல் இருந்தால் இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். அதற்கும் கீழே போகும் வீடுகளில் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் வையுங்கள். நோயாளிப் பல்லிக்கு மட்டும் இரவுச் சூட்டைக் குறைக்க வேண்டாம்.

சிவப்பு பல்பு போட்டால் பல்லிக்குத் தெரியாது என்கிறார்களே?

தெரியும். இரவில் எந்த நிற வெளிச்சமும் வேண்டாம்.

சூடாகும் செயற்கைக் கல்?

வாங்காதீர்கள். உள்ளே மின்கம்பி வைத்த அந்தக் கற்கள் ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும். வயிற்றுப் புண்ணோடு வரும் பல்லிகளின் கதையில் இது அடிக்கடி வருகிறது.

ஜன்னல் வெயிலில் தொட்டியை வைத்தால் மின்சாரம் மிச்சமாகுமே?

வேண்டாம். கண்ணாடித் தொட்டியில் நேர் வெயில் விழுந்தால், வெளியே பனி கொட்டும் நாளில்கூட உள்ளே சூடு எகிறிவிடும். சிறிது நேரத்திலேயே உயிர் போய்விடலாம்.

அமெரிக்கக் குறிப்புகளில் 90 என்று போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது.

அது பாரன்ஹீட். 32ஐக் கழித்து 1.8ஆல் வகுத்தால் செல்சியஸ் கிடைக்கும். 90 என்பது 32, 75 என்பது 24, 70 என்பது 21. தெர்மோஸ்டாட் வாங்கியதும் எந்த அளவில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

டொராண்டோ குளிரில் வீடே 21தான். பல்லி தாங்குமா?

தாங்கும். குளிர்காலத்தில் வாடகை வீடுகளில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது இங்கே நகர விதி. அந்த 21 டிகிரி அறை, லெப்பர்ட் கெக்கோவின் குளிர்ந்த முனைக்கு ஏறக்குறையப் போதும். சூடான முனையை மட்டும் நீங்கள் உண்டாக்கினால் போதும். உண்மையில் சூடும் குளிரும் தனித்தனியாக நிற்பது குளிர்காலத்தில்தான் எளிது. கோடையில்தான் குளிர்ந்த பக்கம் கைவிட்டுப் போகும்.

குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியது காற்றின் வறட்சி. ஹீட்டர் ஓடும் வீட்டில் நம் உதடே வெடிக்கிறது. பல்லிக்குத் தோல் சரியாக உரியாமல் விரல் நுனியில் வளையம் வளையமாகத் தங்கும், இறுகி விரலே போய்விடும். ஈர ஒளிவிடத்தில் பாசி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிக்கதவுக்குப் பக்கத்திலும் ஜன்னலை ஒட்டியும் தொட்டி வேண்டாம்.

நவம்பருக்குப் பிறகு சில பல்லிகள் சாப்பாட்டைக் குறைக்கும். வால் பருமனாக இருந்து எடை குறையாமல் இருந்தால் சில வாரங்கள் கவலைப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது?

2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் அடித்த பனிக்கட்டிப் புயல் இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. மரக்கிளைகள் ஐஸ் சுமந்து ஒடிந்து கம்பிகளின் மேல் விழுந்தன. டொராண்டோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கிறிஸ்துமஸ் வரை இருட்டில் இருந்தவர்கள் உண்டு. எங்களுக்கு மூன்று நாள். வீடு 12 டிகிரிக்கு இறங்கியது. புள்ளிக்கு அப்போது இரண்டு வயது.

அன்று தட்டுத்தடுமாறிச் செய்ததையும் பிறகு கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். முதல் காரியம், சாப்பாடு கொடுக்கக் கூடாது. குளிர்ந்த வயிற்றில் இரை செரிக்காது. தண்ணீர் மட்டும் போதும். மின்சாரம் போன முதல் சில மணி நேரம் தொட்டியைச் சுற்றி போர்வை போர்த்தினாலே சூடு நிற்கும், மேலே காற்றுக்கு வழி விடுங்கள். அதற்கு மேல் நீடித்தால் பல்லியைத் துணிப்பையிலோ காற்றோட்டமுள்ள சின்ன டப்பாவிலோ போட்டு, பிக்னிக்குக்கு எடுத்துப் போகும் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக வையுங்கள். பாட்டில் பல்லியின் மேல் படக் கூடாது. எரிவாயு அடுப்பு இருந்ததால் எங்களால் வெந்நீர் போட முடிந்தது. மனைவி தன் கம்பளிச் சட்டைக்குள் பையை வைத்துக்கொண்டு ஒரு முழு இரவு உட்கார்ந்திருந்தாள். நம் உடம்புச் சூடு பல்லிக்கு நல்ல துணை.

எந்தக் காரணத்துக்காகவும் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அந்தப் புயலின்போது கார்பன் மோனாக்சைடு நச்சால் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், உயிரும் போனது.

மின்சாரம் வந்ததும் தொட்டியை மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு சின்னப் புழு கொடுத்துப் பாருங்கள். வளர்ந்த, நலமான லெப்பர்ட் கெக்கோ ஓரிரு நாள் குளிரைத் தாங்கிவிடும். குட்டிகளுக்கும் நோயாளிகளுக்கும்தான் அவசரம்.

எங்களிடம் இருப்பது கிரெஸ்டட் கெக்கோ. இதே எண்கள்தானா?

இல்லை, இதே எண்களை வைத்தால் அது செத்துப்போகும். கிரெஸ்டட் கெக்கோ ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக்கில் இருக்கும் நியூ கலிடோனியாத் தீவுகளின் காட்டு உயிர். அழிந்துவிட்டது என்று நினைத்திருந்ததை 1994இல்தான் மறுபடி கண்டார்கள். இன்று வீடுகளில் இருப்பவை அதற்குப் பிறகு பிடித்துவந்த சிலவற்றின் சந்ததி. ஈரமான, மிதமான காட்டில் மரக்கிளைகளில் வாழ்வதால் அதற்கு 22 முதல் 26 வரை போதும். 28க்கு மேல் போனால் திணறும். 30க்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. பல வீடுகளில் இதற்கு ஹீட்டரே தேவைப்படாது. ஹீட்டர் வைத்தே ஆக வேண்டிய குளிர்ந்த வீடு என்றால் குறைந்த வாட் பல்பை மேலே வைத்து, அதையும் தெர்மோஸ்டாட்டில் போடுங்கள். இதன் தொட்டி உயரமானது. அதனால் சூடு மேலே அதிகமாகவும் கீழே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். மேல் கிளை 26, அடித்தளம் 22 என்று இருந்தால் நல்லது. அடியில் ஹீட் மேட் ஒட்டுவதால் மரத்தில் இருக்கும் பல்லிக்கு எந்தப் பயனும் இல்லை.

இதன் எதிரி ஜூலை மாதம். ஏசி இல்லாத மேல்மாடி வீடுகளில் அறை 32, 33 போய்விடும். அப்போது செய்யக்கூடியவை: தொட்டி விளக்குகளை அணையுங்கள், யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கும் சூடு தரும். வீட்டின் மிகக் குளிர்ந்த அறைக்கு, முடிந்தால் நிலவறைக்கு, தொட்டியை மாற்றுங்கள். சூடான காற்று மேலே போகும், அதனால் அலமாரியின் மேல் தட்டில் வைக்காமல் தரையில் வையுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொட்டியின் வலை மூடி மேல் வைத்தால் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். மின்விசிறியை நேராகப் பல்லி மேல் திருப்பாமல், மூடிக்கு மேலாகக் காற்று ஓடும்படி வையுங்கள். ஐஸ் தண்ணீரில் பல்லியை முக்க வேண்டாம், அந்த அதிர்ச்சியே கொல்லும். எங்கள் பகுதியில் இரண்டு கோடைகளுக்கு முன் மூன்று நாள் வெப்ப அலை அடித்தபோது, எங்கள் கிரெஸ்டட் கெக்கோ ஏசி உள்ள நண்பர் வீட்டில் விருந்தாளியாக இருந்தது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

மற்ற கெக்கோக்கள்?

கொழுத்த வால் கொண்ட ஆப்பிரிக்க ஃபேட்டெயில் கெக்கோவுக்கு லெப்பர்ட் கெக்கோவின் சூடே ஏறக்குறையப் பொருந்தும், ஈரப்பதம் மட்டும் கூடுதல். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது அது. கார்காயில் கெக்கோ கிரெஸ்டட்டின் உறவுக்காரன், அதே தீவு, ஏறக்குறைய அதே மிதமான சூடு. மடகாஸ்கரின் பச்சை டே கெக்கோ பகலில் நடமாடுவது; 30, 32 டிகிரியில் வெயில் காய ஓர் இடமும் யூவி விளக்கும் அதற்கு வேண்டும். டோக்கே கெக்கோ 26 முதல் 32 வரை. டோக்கேயின் பன்னாட்டு வணிகம் 2019 முதல், காட்டுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பொய்யான மருத்துவ நம்பிக்கைக்காகக் காட்டிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்ட பல்லி அது. எந்த கெக்கோவாக இருந்தாலும் தொட்டியில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

சூடு சரியில்லை என்று பல்லி எப்படிச் சொல்லும்?

எங்கே படுத்திருக்கிறது என்று பாருங்கள். நாள் முழுக்கச் சூடான குகையை விட்டு அசையாமல், வயிற்றைத் தரையோடு ஒட்டிக் கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். எப்போதும் குளிர்ந்த மூலையில் கண்ணாடியை ஒட்டியே இருந்தால் சூடு அதிகம். இரண்டு பக்கமும் மாறி மாறிக் காணப்பட்டால் நல்லது.

தின்றதை முழுசாகக் கக்குவது, மலம் பல நாள் வராமல் இருப்பது, மந்தமாகக் கிடப்பது ஆகியவை சூடு போதாததன் அடையாளமாக இருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது அளவுமீறிய சூட்டிலும் வரும், நுரையீரல் நோயிலும் வரும். முதலில் வெப்பமானியைப் பாருங்கள். எண் சரியாக இருந்தும் அப்படி இருந்தால் அன்றே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். உடம்பு வெளிறிப் பழுப்பு வெள்ளையாகத் தெரிவதைக் கண்டு பதறாதீர்கள். தோல் உரிக்கப்போகிறது, அவ்வளவுதான்.

சாப்பிடவில்லை என்று என்னைக் கூப்பிடுபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "சூடான குகையின் தரை எத்தனை?" என்பது. பாதிப் பேரிடம் பதில் இருக்காது. அளந்து சரிசெய்த ஒரு வாரத்தில் பல பல்லிகள் தானாகச் சாப்பிடத் தொடங்கிவிடும்.

முட்டை போட்டிருக்கிறது. அதற்கு எவ்வளவு?

லெப்பர்ட் கெக்கோவில் குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடுதான் தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் ஏறக்குறைய எல்லாமே பெண். 32.5 அளவில் பெரும்பாலும் ஆண். ஆச்சரியம் என்னவென்றால், 34க்குப் போனால் மறுபடி பெண்களே அதிகம். வீட்டில் பொரிக்க வைக்கிறீர்கள் என்றால் பிறக்கப்போகும் குட்டிகளுக்கு வீடு இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். இல்லையென்றால் முட்டை இட்ட உடனே உறைபெட்டியில் வைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. முட்டையை எடுக்கும்போது திருப்பிப் போடாதீர்கள், மேலே இருந்த பக்கம் மேலேயே இருக்கட்டும்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். யாரிடம் விட்டுப் போவது?

தொட்டியை நகர்த்தாமல், வீட்டுக்கு வந்து பார்த்துப் போகும் ஆள் கிடைத்தால் அதுதான் நல்லது. வேறு வீட்டுக்கு மாற்றினால் அந்த அறையின் சூடு வேறாக இருக்கும், எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றி எண்களைப் பாருங்கள். குளிர்காலத்தில் கொண்டுபோகும்போது காரை முன்கூட்டியே சூடாக்கி, பல்லியைத் துணிப்பையில் போட்டுத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

நாங்கள் சென்ற முறை போனபோது, தொட்டி மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். "சூடான பக்கம் 31–33. குளிர்ந்த பக்கம் 22–25. சூடான பக்கம் 36க்கு மேல் போனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்களைக் கூப்பிடவும். 28க்குக் கீழே இருந்தால் சாப்பாடு போட வேண்டாம்." கீழே மருத்துவரின் எண். பக்கத்து வீட்டுப் பையன் தினமும் மாலை வெப்பமானிகளைப் படம் எடுத்து அனுப்பினான். ஒன்பதாவது நாள் சூடான பக்கம் 25 என்று காட்டியது. பல்பு போயிருந்தது. மாற்றுப் பல்பு தொட்டிக்குக் கீழ் அலமாரியில் இருந்தது, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டான். நீங்களும் ஒன்றைக் கூடுதலாக வாங்கி அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.